தாயையோ தகப்பனையோ இழந்த குழந்தைக்கு நினைவுப் பெட்டி: டர்பன் கடைகளில் எதை வாங்கலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சாவு நடந்த வீட்டில் கருமாதி முடிந்த கையோடு யாராவது ஒரு பெரியம்மா சொல்வார்: "பிள்ளைக்கு அவங்கம்மா ஞாபகமா ஏதாவது எடுத்து வைங்க." அதற்கு ஒரு பெட்டி வேண்டும். தேடிப் போனால் ஐந்து வகை கண்ணில் படும். பரிசுக் கடைகளில் குழந்தையின் முதல் பல், முதல் முடி வைப்பதற்கென்றே விற்கும் அலங்காரப் பேழை. தச்சரிடம் சொல்லிச் செய்கிற மரப்பெட்டி. பிஸ்கட் வந்த தகர டப்பா. கிளிப் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. காசே இல்லாமல் கிடைக்கும் செருப்புப் பெட்டி.

துக்க வீட்டில் விலை உயர்ந்ததை வாங்கத்தான் மனம் போகும். செத்தவருக்குச் செய்யும் மரியாதை என்று தோன்றும். ஆனால் இந்த ஐந்தில் நான் பரிந்துரைப்பது கிளிப் மூடி பிளாஸ்டிக் பெட்டியைத்தான். அதற்குள்ளே குழந்தை தன் கையால் வண்ணம் தீட்டிய ஒரு செருப்புப் பெட்டியும், வாசனைக்கென்று ஒரு கண்ணாடி ஜாடியும் இருக்க வேண்டும். பார்வைக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட எளியது. ஏன் இதையே சொல்கிறேன் என்றால், பெட்டி குழந்தைக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது.

பெட்டிக்கு என்ன வேலை?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடும் குடும்பமும் இல்லாமல் போன குழந்தைகளைப் பற்றியது. சோறு, துணி, மருந்து எல்லாம் கொடுத்தாலும், இடைவிடாமல் கூடவே இருக்கும் ஓர் ஆளின் பாசம் இல்லாவிட்டால் குழந்தையின் மனசு நோகும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன் ஒரு படம் எடுத்தார். 2 வயதுச் சிறுமி சிறிய அறுவைச் சிகிச்சைக்காக 8 நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். பெற்றோர் கூடத் தங்க அந்தக் காலத்தில் அனுமதி கிடையாது. அவள் வீட்டிலிருந்து வந்த கரடிப் பொம்மையையும் தன் போர்வையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பாள். கைக்கு அடக்கமான ஒரு பொருள் குழந்தைக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அந்தப் படத்தைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பிரிவைச் சந்திக்கும் சிறு குழந்தை மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்று இவர்கள் கண்டார்கள். முதலில் கத்தி, அழுது, கதவைப் பார்த்து நிற்கும். பிறகு ஓய்ந்து சுருண்டுவிடும். அதற்கும் பிறகு எதுவும் நடக்காததுபோல் விளையாடும், யார் தூக்கினாலும் போகும். இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் "பரவால்ல, பிள்ளை தேறிட்டா" என்று நிம்மதி அடைகிறோம். உளவியலாளர் மேரி ஐன்ஸ்வர்த் ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்து, மறுபடி சேர்த்துப் பார்க்கும் சோதனையை வகுத்தார். சில குழந்தைகள் தாய் திரும்பி வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையை உருட்டிக்கொண்டிருந்தன. பின்னால் வந்தவர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாக இருந்தவர்களுக்கும் உள்ளே துடிப்பு ஏறித்தான் இருந்தது. அழாத பிள்ளையைப் பாராட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. செத்தவரோடு உள்ள பந்தத்தை அறுத்துக்கொண்டால்தான் மனம் ஆறும் என்று மேற்கத்திய மருத்துவம் நெடுங்காலம் நம்பியது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாயையோ தகப்பனையோ இழந்த 70 குடும்பங்களில் 125 பிள்ளைகளை 2 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் பந்தத்தை அறுக்கவில்லை. செத்தவரோடு பேசினார்கள், கனவு கண்டார்கள், அவருடைய பொருளைப் பத்திரப்படுத்தினார்கள். புரட்டாசியில் முன்னோருக்குப் படையல் போடும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்த ஆய்வு கண்ட வேறொரு விஷயம்தான் பெட்டி வாங்குகிறவருக்கு முக்கியம்: உயிரோடு இருக்கும் பெற்றவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பதே பிள்ளை எப்படித் தேறுகிறது என்பதை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானித்தது.

ஆக, பெட்டிக்கு இரண்டு வேலை. போனவரைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் தர வேண்டும். அதைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் குழந்தையை, இருக்கிற ஒருவரின் மடிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது வேலையைத்தான் கடையில் நிற்கும்போது மறந்துவிடுகிறோம்.

நினைவுப் பெட்டி நமக்கு வெளியூர்ச் சரக்கு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் பர்னார்டோஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பும், உகாண்டாவில் எச்ஐவியோடு வாழ்ந்த தாய்மாரும் பிள்ளைகளுக்காக நினைவுப் புத்தகம் எழுதும் வழக்கத்தை வளர்த்தார்கள். எயிட்ஸ் நோயால் தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகள் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெருகியபோது, குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சினோம்லாண்டோ மையம் அதைப் பெட்டி வடிவில் இங்கே வேரூன்ற வைத்தது. சினோம்லாண்டோ என்றால் சூலு மொழியில் "எங்களுக்கு ஒரு வரலாறு உண்டு" என்று பொருள். அவர்கள் பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து, குடும்பக் கதையைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்து, எழுதி, அந்த எழுத்தைப் பெட்டிக்குள் வைப்பார். கதை சொல்லும்போது பிள்ளையும் கூட இருக்கலாம். இந்த முறையைத்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். கடையில் வாங்கும் எந்தப் பெட்டியும் இதற்கு உதவுமா, தடையாக நிற்குமா என்று பார்த்தால் போதும்.

பெட்டிகள்

பரிசுக் கடைப் பேழையை வாங்காதீர்கள். அதன் அறைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு "முதல்" நிகழ்வுக்கு அளவெடுத்துச் செய்தவை. முதல் பல், முதல் காலணி, முதல் பிறந்தநாள். 3 வயதில் தாயை இழந்த குழந்தைக்கு அந்த அறைகளில் பாதி காலியாகவே இருக்கும், அதைத் திறக்கும்போதெல்லாம் காலி அறை கண்ணில் குத்தும். துணி ஒட்டிய அட்டை என்பதால் டர்பன் புழுக்கத்தை உறிஞ்சி, ஒரே கோடையில் மூலைகளில் பூஞ்சை பிடிக்கும். பிறந்த உடனே இறந்துபோன சிசுவின் கால் ரேகை, மருத்துவமனைக் கைப்பட்டை ஆகியவற்றைப் பெற்றோர் வைத்துக்கொள்ள மட்டும் இதன் அளவு பொருந்தும். அப்போதும் உள்ளே அமிலமற்ற தாள் விரிக்க வேண்டும்.

மரப்பெட்டி அழகு. அதில் மறுப்பு இல்லை. ஆனால் புதிய மரமும், அதைவிட அதிகமாக மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையும், அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது புகைப்படத்தையும் உலோகத்தையும் மெதுவாகக் கெடுக்கும். வார்னிஷ் வாசனை வாரக்கணக்கில் போகாது, அம்மாவின் துணியில் ஏறி உட்கார்ந்துவிடும். வேலிக்குப் போடும் பச்சை நிறம் ஏறிய பதப்படுத்திய பைன் மரத்தில் ஆர்செனிக் கலந்த மருந்து இருக்கும்; மிச்சம் கிடக்கிறதே என்று அதில் பெட்டி செய்யவே கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, மரப்பெட்டிக்குப் பூட்டு வைத்துவிடுகிறார்கள். பூட்டு வந்தால் சாவி ஒரு பெரியவரிடம் போகும். பிறகு அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றால் பிள்ளை அனுமதி கேட்க வேண்டும். ஏற்கெனவே மரப்பெட்டி செய்தாகிவிட்டது என்றால் பூட்டைக் கழற்றிவிட்டு, கனமான மூடி விரலில் விழாதபடி தாங்கி பொருத்தி, ஒரு மாதம் திறந்தே காற்றில் வைத்து, பிறகு பயன்படுத்தலாம். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி வீட்டில் இருந்தால், அது குடும்பத்துக்கானது. பிள்ளையால் தூக்க முடியாது.

தகர டப்பாவை எனக்குப் பிடிக்கும். மூடியைத் திறக்கும்போது வருகிற அந்தச் சத்தம் குழந்தைக்குச் சீக்கிரம் பழகிவிடும், வாசனையும் நன்றாக நிற்கும். ஆனால் ப்ளஃப், இசிபிங்கோ போலக் கடல் காற்று அடிக்கும் இடங்களில் விளிம்பில் துரு ஏறும். துருப்பிடித்த விளிம்பு கையைக் கிழிக்கும். கடலைவிட்டு உள்ளே தள்ளி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

பிளாஸ்டிக் பெட்டியில் பார்க்க வேண்டியவை: அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் பாலிபுரோப்பிலீன், நல்லது. 2 என்று இருந்தாலும் பரவாயில்லை. 3 என்று இருந்தால் பிவிசி. அது புகைப்படத்தோடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். கொள்ளளவு 10 முதல் 15 லிட்டர். இதைவிடப் பெரிதாக எடுத்தால் வீட்டில் உள்ளதெல்லாம் உள்ளே வந்து சேரும், அம்மா எங்கே இருக்கிறாள் என்று பிள்ளை தேட வேண்டியிருக்கும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் பட்டை ஓடுகிறதா பாருங்கள். கிளிப்பைக் கட்டைவிரல் ஒன்றால் தள்ளித் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பிள்ளையை விட்டுச் சோதியுங்கள்; 4 வயதுப் பிள்ளையால் முடியவில்லை என்றால் வேறு எடுங்கள்.

பிளாஸ்டிக்கைச் சொல்வதற்கு இன்னொரு காரணம் 2022 ஏப்ரல் வெள்ளம். டர்பனைச் சுற்றி 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த வெள்ளத்தில், எத்தனையோ வீடுகளுக்குள் சேறு புகுந்தது. ரப்பர் பட்டை போட்ட பெட்டி மேல் தட்டில் இருந்தால் அட்டையும் துணியும் பிழைக்க ஒரு வழி உண்டு.

அதற்குள் வைக்கும் செருப்புப் பெட்டிதான் பிள்ளையின் பெட்டி. அதில் வண்ணம் தீட்டுவது, படம் ஒட்டுவது, பெயர் எழுதுவது எல்லாம் பிள்ளையின் உரிமை. கறுப்பை எடுத்துப் பூசினாலும் தடுக்காதீர்கள். செருப்புப் பெட்டியை வெறுமனே அலமாரியில் வைத்தால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அரிக்கும், அதனால்தான் வெளியே பிளாஸ்டிக்.

வாசனை

இதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

நம் வழக்கப்படி கருமாதிக்கு முன்னும் பின்னும் வீட்டைக் கழுவி, இறந்தவரின் துணிகளைத் துவைத்து, தானம் கொடுத்துவிடுவார்கள். தீட்டு கழிய வேண்டும் என்ற அக்கறையில் செய்வது அது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் துவைத்த துணியில் அம்மா இல்லை. எனவே சாவு நடந்த முதல் இரண்டு நாளுக்குள் ஒருவர், துவைக்காத இரண்டு துணிகளைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். இரவில் உடுத்திய நைட்டி, தலையணை உறை, கழுத்தைச் சுற்றிய ஸ்கார்ஃப், இவை சிறந்தவை. பட்டுச் சேலை வேண்டாம். அது வருஷத்துக்கு இரண்டு நாள் உடுத்தியது, அதில் அலமாரி வாசனைதான் இருக்கும். வீட்டுப் பெரியவர்களுக்குத் தயக்கம் இருந்தால், பெட்டியைச் சாமி அறைக்கு வெளியே வைப்பதாகச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

ஜிப் பை போதாது. பாலித்தீன் வழியாக வாசனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், வெளி வாசனை உள்ளே வரும். கண்ணாடியே சரி. கான்சால் ஜாடி எல்லார் வீட்டிலும் இருக்கும், 1 லிட்டர் ஜாடிக்கு ஒரு ஸ்கார்ஃப் அழகாகக் கொள்ளும். ஆனால் அந்த ஜாடி மாங்காய் ஊறுகாய் போட்டதாக இருந்தால், கண்ணாடியை எவ்வளவு தேய்த்தாலும் மூடியின் உட்பூச்சிலும் ரப்பர் வளையத்திலும் கடுகெண்ணெயும் வெந்தயமும் தங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள், கழுவிய பிறகும் அடிக்கும். புது மூடி, புது வளையம் வாங்குங்கள். ஜாடியைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க உலரவிட்டுத் துணியைத் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஈரம் துளி இருந்தாலும் வாசனை பூஞ்சை நாற்றமாக மாறிவிடும்.

இரண்டாவது துணியை இன்னொரு ஜாடியில் மூடி, வேறு வீட்டில், இருட்டான அலமாரியில் வையுங்கள். முதல் ஜாடியைத் திறக்கத் திறக்க வாசனை குறையும். குறையும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், "நீ மோந்து பார்த்ததால போயிடுச்சு" என்று அதுவே நினைத்துக்கொள்ளாதபடி. முதல் வாசனை போன பிறகு இரண்டாவதைத் திறக்கலாம்.

பாச்சை உருண்டை போடாதீர்கள். அதன் நெடி அம்மாவின் வாசனையை ஒரே நாளில் அழித்துவிடும். அதோடு மிட்டாய் போலத் தெரிவதால் குழந்தை வாயில் போட்டால் விஷம். ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிள்ளைகளுக்கு ரத்த அணுக்களே சிதைந்துவிடும். சூடமும் அப்படியே, சிறு பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கும். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போதும், அதையும் பிள்ளை கைபடாதபடி வெளிப்பெட்டியின் மூடியில் டேப் போட்டு ஒட்டுங்கள்.

மற்ற பொருள்கள்

குரல். வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளை இன்றைக்கே வெளியே எடுங்கள். 120 நாள் பயன்படுத்தாத கணக்கைப் பொதுவாக அழித்துவிடுவார்கள். ப்ரீபெய்ட் எண்ணும் வேறொருவருக்குப் போய்விடும். இரண்டு கணினியிலும் ஒரு யுஎஸ்பியிலும் சேமித்து, சில வருஷத்துக்கு ஒரு முறை புதிய யுஎஸ்பிக்கு மாற்றுங்கள், பழையது அலமாரியிலேயே செத்துப்போகும். "சாப்ட்டியா கண்ணு, அம்மா அஞ்சு மணிக்கு வந்துடுவேன்" என்பது போன்ற சாதாரணச் செய்திதான் வேண்டும். ஆனால் 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அதைத் திடீரென்று போட்டுக் காட்டாதீர்கள். சாவு திரும்ப முடியாதது என்பது அந்த வயதில் புரியாது. "அஞ்சு மணிக்கு வருவேன்" என்று கேட்டால் வாசலில் போய் நிற்கும். புகைப்படத்தில் தொடங்கி, பல மாதம் கழித்து, "இது அம்மா உயிரோடு இருந்தப்போ பேசினது" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கடிதம். எழுதுகிற ஆயாவுக்குத் தமிழ் வரும், படிக்கப் போகிற பேத்திக்குப் பெரும்பாலும் வராது. தமிழில் எழுதி, எதிர்ப் பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தாலாட்டு, செல்லப் பெயர், திட்டுகிற வார்த்தை, இவற்றை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலிப்பதிவாக வையுங்கள். அம்மா கோபக்காரி என்றால் அதையும் எழுத வேண்டும். வெறும் தெய்வமாக்கி எழுதிய அம்மாவைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.

புகைப்படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும்; மென்மையான பென்சில் போதும். பசை ஒட்டும் ஆல்பம் வேண்டாம். கடை ரசீது, பேருந்துச் சீட்டு எல்லாம் வெப்பத்தாளில் அச்சிட்டவை, ஓரிரு வருஷத்தில் வெள்ளையாகிவிடும். படம் எடுத்து வையுங்கள். 3 வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டில், டாய்லெட் ரோலின் அட்டைக் குழாய்க்குள் நுழைகிற அளவுள்ள எந்தப் பொருளும் தொண்டையில் அடைக்கும். பொட்டுச் சரம், மோதிரம், சட்டைப் பொத்தான் இவற்றைத் தைத்த பையில் போடுங்கள்.

தாலியும் தங்கமும் உள்ளே போகக் கூடாது. தங்கம் வைத்த அன்றே பெட்டிக்குப் பூட்டு வரும், அடுத்து யார் வீட்டில் பெட்டி இருக்க வேண்டும் என்ற பேச்சு வரும். நகையை வங்கியில் வைத்துவிட்டு, அதை அணிந்த அம்மாவின் படத்தைப் பெட்டியில் வையுங்கள்.

எப்படித் தொடங்குவது, எங்கே தடுமாறும்

பெரியவர்கள் முழுதாக நிரப்பிப் பரிசுபோலக் கொடுக்கிற பெட்டியைப் பிள்ளை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடும். ஜாடியையும் குரலையும் மட்டும் முன்பே பாதுகாத்துவிட்டு, காலிப் பெட்டியோடு உட்காருங்கள். தரையில், சமையலறை ஓரமாக, டிவி அணைத்து. மூன்று பொருள் போதும். உட்காருபவர் அடுத்த மாதமும் அடுத்த வருஷமும் அந்தப் பிள்ளையோடு இருக்கப் போகிறவராக இருக்க வேண்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து கருமாதிக்கு வந்த சித்தி எவ்வளவு பாசமாக இருந்தாலும் அவர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது பிள்ளைக்கு இன்னொரு பிரிவு.

15 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சிறு பிள்ளையின் துக்கம் தூறல் போல வரும். ஸ்கார்ஃபை முகத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் அழும், உடனே பந்தை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடும். "இவ்வளவுதானா?" என்று யாரும் கேட்கக் கூடாது. திரும்பி வரும், வரும்போது மடி இருக்க வேண்டும். பெரியவருக்கு அழுகை வந்தால் அழலாம். கூடவே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "எனக்கு உங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு, அதான் அழறேன். இப்ப எழுந்து உனக்குத் தோசை சுடுவேன்." அந்த இரண்டாவது பாதி பிள்ளைக்கு மிகவும் தேவை. தன்னைப் பார்த்துக்கொள்கிறவர் உடைந்து போகவில்லை என்பது அதில்தான் தெரிகிறது.

"அம்மா தூங்கறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்ற பேச்சைப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பேசாதீர்கள். முதலாவதைக் கேட்ட பிள்ளை தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட பிள்ளை தன்னை விட்டுப் போனதற்கு என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கும். "அம்மா செத்துட்டாங்க. உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. அவங்களுக்கு வலி இல்லை, பசி இல்லை. திரும்ப வரமாட்டாங்க." சொல்ல நாக்கு கூசும், ஆனால் இவ்வளவு நேராகச் சொன்னால்தான் புரியும். ஆத்மா, சாமி, மறுபிறவி பற்றிய நம் நம்பிக்கையை இதற்குப் பிறகு சொல்லலாம், இதற்குப் பதிலாகச் சொல்லக் கூடாது.

ஒரு பிள்ளை நாளைக்குப் பத்துத் தடவை பெட்டியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, கூடவே பாட்டியின் சேலைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பெட்டியைப் பறித்து ஒளிக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் ஒரு தடவை, இரண்டும் மடியில் உட்கார்ந்து என்று நேரம் வையுங்கள், அந்த நேரத்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். நேரம் நிச்சயம் என்று தெரிந்தால் இடையில் திறப்பது தானாகக் குறையும். இன்னொரு பிள்ளை பெட்டியைத் தொடவே தொடாது. அதற்காக அதைக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டாம். நீங்கள் பெட்டியைத் திறந்து, "இந்தச் சீப்பு முடியில சிக்கினா உங்கம்மா கத்துவாங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு இருங்கள். முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் பிள்ளை உறைந்துபோனாலோ, ஒரே இடத்தை வெறித்தாலோ, வீட்டில் அடிதடி நடந்த பின்னணி இருந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். அதே மாதிரி, மாதக்கணக்கில் சாப்பாடு தூக்கம் சரியில்லை என்றாலோ, அம்மாவிடம் போக வேண்டும், சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ, பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு உதவி தேடுங்கள். குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்லைன் அமைப்பின் இலவச எண் 116.

இதைப் படித்ததும், இதற்கெல்லாம் படித்த நிபுணர் வேண்டாமா என்ற சந்தேகம் வரும். கேப்டவுனுக்கு வெளியே கயலிட்ஷாவில் 449 தாய்மாரைக் கொண்டு நடந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை 16 தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை வயதில் பார்த்தபோது, அப்படி உதவி கிடைத்த வீடுகளில் 74 சதவீதக் குழந்தைகள் தாயோடு பாதுகாப்பான ஒட்டுறவில், அதாவது அவரை நம்பி ஆறுதல் தேடும் பந்தத்தில் இருந்தன. மற்ற வீடுகளில் 63 சதவீதம். அது சிசுக்களைப் பற்றிய ஆய்வுதான், துக்கத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் வழிகாட்டல் கிடைத்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணாலும் குழந்தையின் மனசுக்கு உண்மையான பலன் தர முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று அது.

வீடு மாறும்போது பெட்டி பிள்ளையோடு போக வேண்டும். ஆயா வீட்டிலிருந்து மாமா வீட்டுக்கு, வெருலத்திலிருந்து டோங்காட்டுக்கு, எங்கே போனாலும் துணிமணிக்கு முன் பெட்டி வண்டியில் ஏற வேண்டும். யாருடைய வீட்டிலும் பிணையாக நிற்கக் கூடாது. குறும்பு செய்ததற்குத் தண்டனையாக அதை எடுத்து வைத்துக்கொள்வதாக மிரட்டவே கூடாது. அதில் உள்ள எல்லாப் படத்துக்கும் நகல் எடுத்து இன்னொரு உறவினர் வீட்டில் வையுங்கள்.

பராமரிப்புக்கு வருஷத்தில் ஒரு நாள் போதும். புரட்டாசி விரதம் தொடங்குவதற்கு முந்தின வாரம் வசதியான நேரம். டர்பனில் அப்போது குளிர் விட்டிருக்கும், கோடைப் புழுக்கம் இன்னும் வந்திருக்காது. பிள்ளையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிழலில் ஒரு மணி நேரம் விரித்து வையுங்கள். ஜாடியை மட்டும் திறக்க வேண்டாம், பிள்ளை கேட்டால் தவிர. சிலிக்கா ஜெல்லை மாற்றி, ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த வருஷம் பிள்ளை அம்மாவிடம் சொல்ல நினைத்த ஏதாவது ஒன்றை ஒரு தாளில் எழுதச் சொல்லி அல்லது வரையச் சொல்லி, மேலே தேதி போட்டு உள்ளே வைத்து, கிளிப்பைப் பிள்ளையையே மூடவிடுங்கள்.